மாடித்தோட்டச் செடிக்கு எவ்வளவு தண்ணீர்? எடை போட்டுத் தெரிந்துகொள்ளும் முறை

மாடித்தோட்டம் போடுகிறவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி, ஒரு நாளைக்கு எத்தனை வேளை தண்ணீர் விட வேண்டும் என்பது. காலையில் ஒரு வேளை, கத்திரி வெயிலில் இரண்டு வேளை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஒரே அளவுப் பையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் தக்காளிக்கும் பச்சை மிளகாய்க்கும் தேவை ஒன்றல்ல. கைப்பிடிச் சுவரை ஒட்டி நிற்கும் தக்காளிக்கும், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நிற்கும் தக்காளிக்கும்கூட ஒன்றல்ல. செடி எவ்வளவு நீரை வெளியே விடுகிறதோ ஏறக்குறைய அதுதான் அதன் தேவை. இதை ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு தராசு இருந்தால் ஒரே நாளில் அளந்துவிடலாம்.

வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் செடியில் தங்குவதே இல்லை. இலையில் இருக்கும் நுண்ணிய துளைகள் வழியே ஆவியாகிப் போய்விடுகிறது. இதைத்தான் பள்ளிப் பாடத்தில் நீராவிப்போக்கு என்று படித்தோம். இது வீணாகும் தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது. உணவு தயாரிக்கக் கரியமில வாயு உள்ளே வர வேண்டும். அதற்குத் துளை திறந்திருக்க வேண்டும். திறந்த துளை வழியே ஈரம் வெளியேறத்தான் செய்யும். ஒன்றை மட்டும் விட்டு மற்றொன்றைப் பிடித்துவைக்கச் செடிக்கு வழியில்லை. தண்ணீர் போதவில்லை என்றால் வேரும் இலையும் உண்டாக்கும் அப்சிசிக் அமிலம் என்ற பொருள் துளையின் இருபுறமும் உள்ள காப்பு செல்களைச் சுருங்க வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறது. நீர் மிச்சமாகிறது, வளர்ச்சியும் அத்தோடு நிற்கிறது. நண்பகலில் தினமும் துளையை மூடிக்கொள்ளும் செடி வாடாமல் பச்சையாகத்தான் தெரியும். காய்ப்பு மட்டும் பாதியாக இருக்கும். கோடையில் "செடி நன்றாகத்தான் இருக்கிறது, காய்தான் இல்லை" என்று சொல்லப்படும் பல செடிகளின் நிலைமை இது. (தக்காளியில் கடும் வெப்பம் மகரந்தத்தைக் கெடுத்துப் பூவை உதிர்ப்பது வேறு கதை.)

ஆவியாகும் நீர் வேறு இரண்டு வேலைகளையும் செய்கிறது. ஒன்று, இலையைக் குளிரவைப்பது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பம், மூன்றில் இரண்டு பங்கு யூனிட் மின்சாரத்துக்குச் சமம். துளை மூடிய இலையை மதியம் தொட்டுப் பார்த்தால் சுடும். நீரை ஆவியாக விட்டுக்கொண்டிருக்கும் இலை அதே வெயிலில் அவ்வளவு சுடாது. இரண்டாவது, சுண்ணாம்புச் சத்தைக் கொண்டுசேர்ப்பது. கால்சியம் நீரோட்டத்தோடு மேலே போகுமே தவிர, ஒருமுறை இலையில் தங்கிவிட்டால் அங்கிருந்து காய்க்கு இறங்கி வராது. காயில் நீராவிப்போக்கு மிகக் குறைவு என்பதால் அதற்கு வரும் பங்கும் சிறியது. பை ஒரு நாள் காய்ந்தும் மறுநாள் ஊறியும் கிடந்தால் அந்தச் சிறிய பங்கும் தடைபட்டு, தக்காளியின் அடிப்பாகம் கறுத்துத் தோல் போல் ஆகிவிடும். இதைப் பார்த்ததும் முட்டை ஓட்டுத் தூளைக் கொட்டுகிறார்கள். பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கிறது. ஏற்றிச் செல்லும் நீர்தான் ஒழுங்காக இல்லை.

எது நீரை இழுக்கிறது

இலையின் உட்புறக் காற்று எப்போதும் ஏறக்குறைய முழு ஈரத்தோடு இருக்கும். வெளிக்காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அவ்வளவு வேகமாக ஈரம் இழுபடும். வெப்பநிலை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் காற்று ஈரத்தை இழுக்கும் விசை சுமார் 1.1 கிலோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு). 35 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் 3.4. வெப்பம் ஐந்தே டிகிரிதான் கூடியது, இழுவிசையோ மூன்று மடங்குக்கு மேல். சென்னையில் கடற்காற்று சீக்கிரம் வந்துவிடும் நாளும், தாமதமாக வரும் நாளும் செடிக்கு வேறு வேறு நாட்களாக இருப்பது இதனால்தான்.

அடுத்தது காற்றின் வேகம். கோவை, தென்காசிப் பக்கம் ஆனி, ஆடியில் வானம் மூடியிருக்கும், வெயிலும் குறைவு. தண்ணீர் தேவைப்படாது என்று தோன்றும். ஆனால் இலையை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை அந்தக் காற்று துடைத்துக்கொண்டே போவதால் பை எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் காய்ந்துவிடும். தரையில் இருக்கும் தோட்டத்தைவிட மூன்றாவது மாடித் தோட்டத்தில் இது இன்னும் அதிகம்.

அளக்கும் முறை

ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1720களில் சூரியகாந்தித் தொட்டியின் வாயை ஈயத் தகட்டால் மூடி, காலையும் மாலையும் எடை போட்டுப் பார்த்தார். இன்றைக்கும் வீட்டில் செய்ய இதைவிட நல்ல வழி இல்லை. ஈயத் தகட்டுக்குப் பதில் பிளாஸ்டிக் தாள் போதும்.

தேவையானவை: 40 அல்லது 50 கிலோ வரை காட்டும் டிஜிட்டல் கொக்கித் தராசு (பயணப் பெட்டி நிறுக்க விற்பது, 10 கிராம் வரை பிரித்துக் காட்ட வேண்டும்), பையைத் தூக்க ஒரு பழைய துணித் தூளி, வெள்ளை அல்லது நிறமற்ற பிளாஸ்டிக் தாள், சணல், ஒரு நோட்டு. பையின் காதைப் பிடித்துத் தொங்கவிட வேண்டாம். ஈரப் பையின் தையல் பிரிந்துவிடும். தூளியோடு சேர்த்து நிறுத்து, தூளியின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். 12க்கு 12 அங்குலப் பையை இரண்டு பேர் சேர்ந்து துணி காயப்போடும் கம்பியிலோ ஒரு மூங்கில் கழியிலோ தொங்கவிட்டு நிறுப்பது முதுகுக்கு நல்லது.

முதல் நாள் மாலை, பையின் அடித்துளை வழியே நீர் வடியும் வரை விடுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுவது. பைக் கலவையில் உள்ள கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) காய்ந்துவிட்டால் தண்ணீரை உடனே ஏற்காது. சுருங்கிப் பையின் சுவரிலிருந்து விலகி நிற்கும். விட்ட நீர் அந்த இடுக்கில் இறங்கிக் கீழே வழியும், நடுவே விரல் விட்டுப் பார்த்தால் தூளாக இருக்கும். ஆகவே கால் மணி நேர இடைவெளியில் மூன்று தடவையாக, பூவாளியில் மெதுவாக விடுங்கள். மிகவும் காய்ந்த பை என்றால் ஒரு டப்பில் நான்கு விரல் உயரத்துக்கு நீர் வைத்து அதில் அரை மணி நேரம் உட்காரவைத்து எடுங்கள்.

சொட்டுவது முழுதாக நின்றதும், பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள், மண்ணின் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்துத் தண்டைச் சுற்றி நெகிழ்வாகக் கட்டுங்கள். பையின் வாயோரத்தையும் சணலால் கட்டிவிட்டால் மண்ணிலிருந்து ஆவியாவது நின்றுவிடும். இனி குறையும் எடை ஏறக்குறைய முழுக்க இலை வழியே போனது. துணிப் பையாக இருந்தால் பக்கவாட்டிலும் ஆவியாகும் என்பதால் பையையே ஒரு பெரிய பிளாஸ்டிக் உறைக்குள் இறக்கிவிட வேண்டும். கறுப்புத் தாள் வேண்டாம், வேர் வெந்துவிடும். இந்த மூடாப்பு ஒரு நாளைக்கு மட்டும்தான். நிரந்தரமாக விட்டால் வேருக்குக் காற்று போகாது.

மறுநாள் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, அதற்கடுத்த நாள் காலை 6 என ஐந்து தடவை நிறுங்கள். ஒரு கிராம் குறைந்தால் ஒரு மில்லி நீர். இடையில் தண்ணீர் விடக் கூடாது, காய் பறிக்கவும் கூடாது. கூடவே செடியில்லாத, அதே கலவை நிரப்பிய, மூடாத ஒரு பையையும் நிறுத்துக் குறித்தால் மண் மட்டும் எவ்வளவு இழக்கிறது என்று தெரிந்துவிடும். முதல் தடவை இந்தக் கணக்கைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் அதிர்ந்துபோவது இந்த வெறும் பையைப் பார்த்துத்தான்.

எண்கள் என்ன சொல்கின்றன

சாதாரணமாக 10 மணிக்கு மேல் இழப்பு ஏறி, 10 முதல் 2 வரையிலான பகுதி மிகப் பெரியதாக இருக்கும். இரவில் மிகக் குறைவு. வெயில் உச்சத்தில் இருக்கும் அந்த நான்கு மணி நேர இழப்பு, காலை 6 முதல் 10 வரையிலான இழப்பைவிடக் குறைந்தால் செடி கதவைச் சாத்திவிட்டது என்று பொருள். பையில் ஈரம் இருக்கும்போதே இப்படி நடந்தால் வேர் ஈடு கொடுக்கவில்லை. நிழல்வலையோ காற்றுத் தடுப்போ வேண்டும். பை இலேசாக இருந்தால் தண்ணீர் பற்றாக்குறை.

இரவில் எடை பகலைவிட அதிகமாகக் குறைந்தால், அளவில் பிழை என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். கற்றாழை, அன்னாசி, பிரண்டை, ரணகள்ளி ஆகியவை இரவில் துளையைத் திறந்து பகலில் மூடுகிறவை. பிரண்டைக்கும் தக்காளிக்கும் ஒரே சொட்டுநீர்க் குழாயைப் போட்டால் பிரண்டை அழுகுவது இதனால்தான்.

தண்ணீர் விடும் அளவுக்கு இன்னொரு எண்ணும் வேண்டும்: பை கொள்ளும் பயன்படு நீர். முழுதாக ஊறி வடிந்த எடையைக் குறித்துவையுங்கள். பிறகு ஒரு தடவை மட்டும், தண்ணீர் விடாமல், காலை நேரத்தில் நுனித்தளிர் தொய்யும் வரை காத்திருந்து நிறுங்கள். ஊறிய எடை 14.2 கிலோ, தொய்ந்த எடை 11 கிலோ என்று வைத்துக்கொள்வோம். செடி எடுக்கக்கூடிய நீர் 3.2 லிட்டர். அதில் பாதி, அதாவது 1.6 லிட்டர் போனதும் விட்டுவிட வேண்டும். பையின் எடை 12.6 கிலோவைத் தொடும் நேரம்தான் உங்கள் தண்ணீர் நேரம். செடியும் மண்ணும் சேர்த்து ஒரு நாளைக்கு 1.5 லிட்டர் இழந்தால் தினமும் ஒரு வேளை போதும். 2.5 லிட்டர் என்றால் காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. 0.7 லிட்டர் என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். பூக்கும், காய்க்கும் செடியைத் தொய்யவிட்டு இந்த அளவை எடுக்க வேண்டாம்; இளம் செடியில் எடுத்த எண்ணே போதும், பையும் கலவையும் அதேதான்.

நாலைந்து நாள் நிறுத்த பிறகு தராசு தேவைப்படாது. பையின் ஓரத்தைப் பிடித்துச் சற்றுச் சாய்த்தாலே கனம் கைக்குத் தெரிந்துவிடும். செடி பெரிதாகும்போதும் பருவம் மாறும்போதும் மட்டும் மறுபடி நிறுத்துப் பாருங்கள்.

டிரம்மில் வைத்த எலுமிச்சை, முருங்கை, கொய்யாவைத் தூக்கி நிறுக்க முடியாது. அதற்கு இலைப்பரப்பின் அகலத்தை வைத்துக் கணக்குப் போடலாம். ஒரு மில்லிமீட்டர் ஆவியாதல் என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். கோடையில் நாளொன்றுக்கு 6 மி.மீ. என்று வைத்தால், 60 செ.மீ. அகலத்துக்குப் படர்ந்த செடியின் பரப்பு 0.28 சதுர மீட்டர், இழப்பு 1.7 லிட்டர். மாடியில் தனியாக நிற்கும் செடிக்கு நாலாபக்கமும் வெயிலும் காற்றும் படுவதால் கால் பங்கு கூட்டி 2 லிட்டருக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோராயம்தான், ஆனாலும் குத்துமதிப்பாக ஒரு மக் ஊற்றுவதைவிட மேல்.

எந்த இழப்பைக் குறைக்கலாம்

இலை வழியே போவதைத் தடுக்கப் பாடுபடுவதைவிட, செடிக்குப் பயன்படாமல் போகும் நீரை முதலில் பாருங்கள். வெறும் பையின் கணக்கு இங்கே உதவும். மண்ணின் மேல் 5 செ.மீ. கனத்துக்குக் காய்ந்த இலை, தேங்காய் நார் அல்லது கரும்புச் சக்கையைப் பரப்புங்கள். தண்டை ஒட்டி இரண்டு விரல் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் தண்டு அழுகும். பச்சைப் புல்லை வெட்டி அப்படியே கனமாகப் போட்டால் சூடேறும். ஒரு நாள் உலர்த்திப் போடுங்கள். மூடாக்குக்கு முன்னும் பின்னும் வெறும் பையை நிறுத்துப் பார்த்தால் வித்தியாசம் எண்ணாகவே தெரியும்.

பையின் மேற்குப் பக்கமும் கவனிக்க வேண்டியது. மாலை வெயில் நேரே படும் பக்கத்தில் வேர் கருகிப்போவதால் செடிக்குப் பாதி வேர்தான் வேலை செய்யும். பைகளை நெருக்கி வைத்து, மேற்கு ஓரப் பைகளுக்கு மட்டும் ஈரச் சாக்கைச் சுற்றுங்கள். வெளியே வெள்ளை நிறமுள்ள பைகள் கறுப்பைவிட நல்லது. தரையில் நேராக வைக்காமல் செங்கல் மேல் வைத்தால் தளத்தின் சூடு ஏறாது, வடிகாலும் அடைபடாது.

நிழல்வலையில் 50 சதவீதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுகிறார்கள். கீரைக்கும் நாற்றுக்கும் அது சரி. தக்காளி, கத்தரி, வெண்டைக்கு 35 சதவீதமே போதும். அதற்கு மேல் போனால் செடி நெட்டையாகப் போகும், பூ குறையும். கத்திரி வெயில் முடிந்து மேகம் கூடியதும் கழற்றிவிடுங்கள். காற்றுக்குச் சுவர் மாதிரி தகரம் அடிக்க வேண்டாம். காற்று மேலேறிச் சுழன்று உள்ளே விழும். பாதிக் காற்றை விடும் வலையே நல்ல தடுப்பு.

இலையில் கயோலின் களிமண் கரைசல் தெளித்து வெயிலைத் திருப்பியனுப்பும் முறை வறட்சியில் வயல்களில் உண்டு: லிட்டருக்கு 30 கிராம். மாடியில் நாலு செடிக்கு இது தேவையில்லை என்பதே என் கருத்து. கீரையில் தெளித்தால் கழுவி மாளாது.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆவியாவது நீர் மட்டும்தான். போர் தண்ணீரில் உள்ள உப்பு பையிலேயே தங்கும். மண் மேல் வெள்ளைப் பூச்சு, பையின் ஓரத்தில் பொருக்கு, இலை நுனி கருகல் என்று காட்டும். உப்பு கூடக் கூட, மண் ஈரமாக இருந்தாலும் வேரால் நீரை இழுக்க முடியாது. மாதம் ஒருமுறை பையின் கொள்ளளவுக்குச் சமமான நல்ல நீரையோ மழை நீரையோ மெதுவாக விட்டு வடியவிடுங்கள். அன்றைக்கு உரமும் சேர்ந்து போய்விடும், ஆகவே இரண்டு நாள் கழித்து உரம் வையுங்கள்.

வாடிய செடியைப் பார்த்ததும்

உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். நேரத்தைப் பாருங்கள், பையைத் தூக்கிப் பாருங்கள். மதியம் இரண்டு மணிக்குப் பூசணியும் பாகலும் இலையைத் தொங்கவிட்டு, மாலை ஆறுக்கு நிமிர்ந்துவிட்டால் பயமில்லை. அவ்வளவு பெரிய இலைக்கு வேரால் அந்த நேரத்தில் ஈடு கொடுக்க முடியவில்லை, அவ்வளவே. பை கனமாக இருக்கும்போது அதற்கு மேலும் நீர் விட்டால் மண்ணில் காற்று இடம் அடைபட்டு வேர் மூச்சுமுட்டும். பிறகு ஈரத்திலேயே நின்று வாடும்.

காலை ஆறு மணிக்கு வாடியிருந்தால் அது வேறு. பை இலேசு என்றால் தாகம். பை கனம் என்றால் வேரிலோ தண்டிலோ கோளாறு. தக்காளி, கத்தரி இலை பச்சையாகவே திடீரென்று சாய்ந்துவிட்டால், அடித்தண்டில் ஒரு விரல் நீளம் வெட்டி, வெட்டுவாய் மட்டும் முங்கும்படி கண்ணாடி டம்ளர் நீரில் தொங்கவிட்டு ஆடாமல் பாருங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற நூல் இறங்கினால் பாக்டீரியா வாடல் நோய். நீர்க்குழாய்களைக் கிருமி அடைத்துவிட்டது. காப்பாற்ற மருந்து இல்லை. செடியையும் மண்ணையும் அப்புறப்படுத்துங்கள், அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் வைக்காதீர்கள், வெட்டிய கத்தியைக் கழுவுங்கள். நூல் இறங்காமல், வேரில் முண்டு முண்டாக முடிச்சு இருந்தால் நூற்புழு.

"உச்சி வெயிலில் தண்ணீர் விட்டால் செடி வெந்துவிடும்" என்பது பாதி உண்மை. செடியை வேகவைப்பது வெயிலில் கிடந்த குழாய்க்குள் தேங்கிய கொதிநீர்தான். கையில் பிடித்துப் பார்த்து, சூடு போகும் வரை ஒரு வாளியில் பிடித்துவிட்டுப் பிறகு விடலாம். உண்மையிலேயே காய்ந்த பைக்கு மாலை வரை காத்திருக்க வேண்டியதில்லை.

விடிகாலையில் தக்காளி, சேம்பு இலை விளிம்பில் முத்துமுத்தாக நீர் நின்றால் அது பனியல்ல. இரவில் துளைகள் மூடியிருக்க, வேர் தள்ளிய நீர் இலை விளிம்பு வழியே கசிந்தது. வேர் நன்றாக இருக்கிறது, பையில் ஈரமும் தாராளம். அன்று காலைத் தண்ணீரைத் தள்ளிப்போடலாம்.

நாற்றும் கிளைத்துண்டும்

பிடுங்கி நடும்போது நீரை உறிஞ்சும் வேர்த்தூவிகள் பெரும்பாலும் அறுந்துவிடும், இலையோ முன்போலவே இழந்துகொண்டிருக்கும். எனவே நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நாற்றுக்கு நீரைச் சற்றுக் குறைத்து வெயிலைக் கூட்டுங்கள். இலையின் மெழுகுப் பூச்சு தடிக்கும். நடும் நாளில் இரண்டு மணி நேரம் முன்பு நன்றாக நீர் விட்டு, மாலை நாலு மணிக்கு மேல் மண் கட்டி உடையாமல் எடுத்து நடுங்கள். மூன்று முதல் ஐந்து நாள் நிழல்.

செம்பருத்தி, ரோஜாக் கிளைத்துண்டில் வேரே இல்லை. 15 முதல் 20 செ.மீ. துண்டில் மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக வெட்டுங்கள். மேலே நிறமற்ற பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்தால் உள்ளே ஈரம் தங்கும். கவிழ்த்ததை வெயிலில் வைத்தால் இரண்டு மணி நேரத்தில் அவிந்துவிடும். வெளிச்சமான நிழல்தான் இடம். துளிர் வந்ததும் உறையை ஒரேயடியாக எடுக்காமல், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டி ஒரு வாரத்தில் எடுங்கள்.

ஊருக்குப் போகும்போது

மூன்று நாள் வரை என்றால் எல்லாப் பைகளையும் நிழலில் ஒன்றாக நெருக்கி, முதல் நாள் இரவு மூன்று தவணையாக ஊறவைத்து, மூடாக்கை இரட்டிப்பாக்கிவிட்டுக் கிளம்பலாம். நிழலில் ஒரு பை எத்தனை நாள் தாங்கும் என்பதை முன்பே நிறுத்துப் பார்த்துவிடுங்கள்: பயன்படு நீர் 3.2 லிட்டர், நிழலில் நாள் இழப்பு 0.8 லிட்டர் என்றால் நான்காம் நாள் தொய்யும். அதற்கு மேல் போவதாக இருந்தால், பறிக்கும் பருவத்துக் காய்களைப் பறித்து, பழுத்த அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, உயரத்தில் வைத்த வாளியிலிருந்து பருத்தித் திரி போட்டு ஒவ்வொரு பைக்கும் இறக்குங்கள். திரியின் ஒரு முனை வாளியின் அடிவரை போக வேண்டும். மறுமுனை மண்ணில் நான்கு விரல் ஆழம் புதைய வேண்டும். போவதற்கு இரண்டு நாள் முன்பே இதைப் பொருத்தி, வாளியில் ஒரு நாளைக்கு எவ்வளவு இறங்குகிறது என்று கோடு போட்டுப் பாருங்கள். செடி இழப்பதைவிடக் குறைவாக இறங்கினால் இன்னொரு திரி சேருங்கள்.